கிணற்றுச் செலவு

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
4-4-1948

மரியாதைக்குரிய ஜெயமாலா அம்மா அவர்களுக்கு, வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த உங்கள் பழைய மல்லாட்டைக் கிடங்கில் மோட்டார் ஒர்க்‌ஷாப் நடத்திவரும் ஆரோக்கியநாதன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் அமலோற்பவமும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் மகள் சந்தனாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் பட்டணம் போய் மூன்று வருஷம் ஆகிறது. கிடங்கின் வாசலில் இருந்த வேப்பமரம் இப்போது பஸ் நிறுத்தும் அளவுக்கு நிழல் தருகிறது.

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். மின்சாரக் கம்பம் நம் தெருமுனைக்கு வந்துவிட்டது. இடத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் குடியிருப்பவனுக்குக் கரண்ட் கொடுப்பார்களாம். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். விளக்கு, கடைசல் மெஷின், கிணற்றுக்குப் பம்பு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே காகிதம். கீழே குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைச் சரிசெய்வது சுலபம் அம்மா. சரிசெய்ய வேண்டியதைச் சேர்ப்பதுதான் பாடு. பெட்ரோமாக்ஸுக்கு மண்ணெண்ணெய் ரேஷனில் வர வேண்டும். பாட்டரியைச் சார்ஜ் செய்யத் திண்டிவனத்துக்கு அனுப்பினால், அது திரும்பிவரும் வரை வண்டி இங்கே படுத்திருக்கும். கடைசல் சக்கரத்தை ஒருவர் கையால் சுற்ற, இன்னொருவர் இரும்பைக் கடைய வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு தண்ணீர். ரேடியேட்டருக்குத் தண்ணீர், சேறு அப்பிய அடிப்பாகத்தைக் கழுவத் தண்ணீர், உலையில் காய்ச்சிய இரும்பை முக்கத் தண்ணீர். பச்சைமுத்துவும் அவன் பெண்சாதி ஆண்டாளும் விடிந்ததிலிருந்து ராட்டினத்தில் இறைத்தபடியே இருக்கிறார்கள். வருகிற வரும்படியில் பாதி அந்தக் கயிற்றோடு கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறது.

பஸ் முதலாளி இராமச்சந்திரன் அவர்களின் மூன்று பஸ்ஸும் நம்மிடம்தான் வேலைக்கு வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் வந்து, “ஆரோக்கியம், ஆடிக்குள்ள கரண்ட் வரலன்னா வண்டிய திண்டிவனத்துக்கு மாத்திக்குவேன். அப்புறம் நீ மூஞ்சத் தூக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று பஸ் போனால் எனக்கு ஒர்க்‌ஷாப் இல்லை.

இடம் கொடுத்தபோது நீங்கள் சொன்ன இரண்டு நிபந்தனைகளை ஒருநாளும் மீறியதில்லை. எடுக்கிற தண்ணீரை எதற்கானாலும் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களைச் சாகவிடாமல் அலசிக் கிணற்றிலேயே விடுகிறோம். பொழுது சாய்ந்தால் உலையை அவித்துவிடுகிறோம். ரேடியேட்டருக்கு வடிகட்டிய தண்ணீரா என்று டிரைவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்,
ஆரோக்கியநாதன்


ஸ்ரீ ஜினாய நம

சென்னை, சிந்தாதிரிப்பேட்டை,
11-4-1948

தம்பி ஆரோக்கியநாதனுக்கு, ஜெயமாலா ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். அமலோற்பவத்தின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதினாயா? காகிதம் முழுக்க உன் இரும்புதான்.

கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் தெரியாத காரியத்தில் எனக்குக் கை போகாது என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலில் விளக்கைத் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை விருஷபதாஸ் வீட்டில் கரண்ட் உண்டு. சாயங்காலம் நாற்காலியைப் பல்புக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்து, பூச்சி வருகிறதா, வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தேன். “அம்மாவுக்கு இன்னா ஆச்சி, லைட்டப் பாத்துக்கினு ஒக்காந்துருக்கே” என்று சந்தனா பயந்துவிட்டாள். பூச்சிகள் வரத்தான் செய்கின்றன. கண்ணாடியில் மோதி விழுகின்றன. ஆனால் எண்ணெய் விளக்கில் விழுவதுபோலக் கருகிப்போவதில்லை. கொஞ்சம் கிறுகிறுத்துக் கிடந்துவிட்டு எழுந்து பறக்கின்றன. சுவரில் ஒரு பல்லி தயாராக நிற்கிறது. பல்லிக்கு நான் பொறுப்பாக முடியாது. ஆகவே விளக்குக்குச் சம்மதம். கடைசல் மெஷினுக்கும் சம்மதம்.

பம்பைப் பற்றித்தான் ஒன்றும் புரியவில்லை. அது தண்ணீரை உறிஞ்சுகிறதா, தள்ளுகிறதா? உள்ளே சுற்றுவது என்ன? எவ்வளவு வேகம்? அத்தனை வேகத்தில் சுற்றி வெளியே வந்த தண்ணீரை அதற்குப்பின் துணியில் வடிகட்டி யாரைக் காப்பாற்றப் போகிறாய்? கரண்டுக்கு யூனிட் கணக்கு என்கிறார்களே, வேலை இல்லாத மாதமும் பணம் கட்ட வேண்டுமா? பம்பு வந்தால் பச்சைமுத்து எங்கே போவான்? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. காகிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

உன் நலம் நாடும்,
ஜெயமாலா


செஞ்சி,
16-4-1948

அன்புள்ள அம்மா அவர்களுக்கு ஆரோக்கியநாதன் வணக்கம். அமலோற்பவத்தின் முழங்கால் தேவலை. நீங்கள் கேட்டதாகச் சொன்னதும் வலி இன்னும் கொஞ்சம் கூடிவிட்டதுபோல நடந்து காட்டினாள்.

கேட்ட கேள்விகளுக்குப் பதில். பம்பு உறிஞ்சி, பிறகு தள்ளும். உள்ளே சுற்றுவது விசிறிபோல ஒரு சக்கரம். வேகம் கண்ணுக்குத் தெரியாத வேகம். வேலை இல்லாத மாதமும் ஒரு குறைந்த தொகை கட்டித்தான் ஆக வேண்டும். பச்சைமுத்துவுக்கு பாட்டரி சார்ஜ் செய்யும் மூலையைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வடிகட்டுவதற்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கிணற்றில் இறங்கும் பைப்பின் வாயிலேயே உங்கள் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டால், உயிர் எதுவும் உள்ளே போகாது. கிணற்றில் இருப்பது கிணற்றிலேயே இருக்கும்.

என்மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கிறீர்களோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதனால் சொல்கிறேன். போன வருஷம் கோடையில் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போனபோது, கோட்டைக்குள் செட்டிக்குளத்திலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தோம். வெளித் தண்ணீர்தானே என்று விட்டுவிடவில்லை. அதையும் உங்கள் முறைப்படி வடிகட்டி, துணியை அலசிக் கிணற்றிலேயே விட்டோம். ஒரு நாளும் தவறவில்லை.

இதோடு ஒரு அதிசயம். மழைக்குப்பின் கிணற்றில் மீன் இருக்கிறது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. தானாக வந்திருக்கிறது. காலையில் வெயில் நேராக விழும்போது, விரல் நீளத்திலும் உள்ளங்கை அகலத்திலும் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் படியிலிருந்து பார்க்கலாம். அமலோற்பவம் அந்தோணியார் அனுப்பியது என்கிறாள். பச்சைமுத்து மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்கிறான். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

காகிதத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

பணிவுள்ள,
ஆரோக்கியநாதன்


சென்னை,
21-4-1948

தம்பி ஆரோக்கியநாதனுக்கு, உன் கடிதம் கண்டு முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மீன் எங்கிருந்து வந்தது என்று அமலோற்பவம் அந்தோணியாரைக் கேட்டாள். நான் உன் கடிதத்தையே இன்னொருமுறை கேட்டேன். அதில் இருக்கிறது பதில். செட்டிக்குளத்துத் தண்ணீரை வடிகட்டினாய். துணியில் தங்கியது குளத்து உயிர். கண்ணுக்குத் தெரியாத மீன்குஞ்சும் அதில் இருந்திருக்கும். அதை நம் கிணற்றில் விட்டாய். எந்தத் தண்ணீரில் எடுத்தோமோ அந்தத் தண்ணீரில் விடவேண்டும் தம்பி. பிறந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டுவந்து முன்பின் தெரியாத வீட்டில் அடைப்பதற்கா வடிகட்டுகிறோம்?

உன்னைக் குறை சொல்லமாட்டேன். ‘கிணற்றில் விடு’ என்று சொன்னவள் நான்தான். அப்போது கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் இல்லை, அதனால் அப்படிச் சொன்னேன். எங்கள் ஜைன வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு வீட்டில் பிறந்த நீ சொன்னதைச் சொன்னபடி செய்தாய்.

ஆனால் இப்போது கிணற்றில் மீன் இருக்கிறது, நீ பம்பு வைக்கப் போகிறாய். துணி கட்டினாலும் உறிஞ்சுகிற வாயில் போய் ஒட்டிக்கொள்ளாதா? தண்ணீர் வற்ற வற்ற அவற்றுக்கு மூச்சு ஏது? எனக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவதென்று தெரியவில்லை. மீன்களைக் குளத்துக்குத் திரும்பக் கொண்டுபோக வழி உண்டா? மெஷின் தெரிந்தவன் நீ, யோசித்துப் பார். அதுவரை காகிதம் என்னிடமே இருக்கட்டும். வீட்டில் யாரும் தூண்டில் போட்டுவிடக் கூடாது. அமலோற்பவத்திடம் இதை நான் சொன்னதாகவே சொல்.

ஜெயமாலா


சேசு மரி சூசை துணை

செஞ்சி,
1-5-1948

அம்மா அவர்களுக்கு,

மீனைப் பிடிக்க வழி பார்த்தேன். ஏரியில் வலை வீசுகிற ஆளைக் கூப்பிட்டேன். பாதி மீன் கூலியாக வேண்டும் என்றார். அதை அவர் என்ன செய்வார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானே வலை வாங்கி இறங்கினேன். கல் இடுக்கில் மாட்டி வலை கிழிந்தது, மீன்கள் அடிக்குப் போய்விட்டன. கிணற்றை முழுதும் இறைத்தால்தான் முடியும். இறைத்தால் ஊற்று ஊறும்வரை ஒர்க்‌ஷாப்புக்குத் தண்ணீர் இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, எங்களுக்கு இறைச்சி ஆகாது, மீன் ஆகும். அமலோற்பவம் இலையில் கத்தரிக்காயை வைத்துவிட்டு, “இன்னாங்க, கெணத்துல அம்மாம் மீனு துள்ளிக்கினு கெடக்குது, வெள்ளிக்கெழமைக்கின்னே சர்வேசுரன் குடுத்தது, நாம கத்திரிக்கா துன்னுக்கினு இருக்கோம்” என்றாள். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். “அந்தம்மா பட்டணத்துல இருக்குது, இங்க வந்து எண்ணியா பாக்கப் போவுது” என்றாள். ஆனாலும் தூண்டில் போடவில்லை. அதை அவளுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி மறுபடி வந்தார். காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்டார். மீன் கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தபாலில் வருகிறது என்று பொய் சொன்னேன்.

அம்மா, மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணற்றுக்குள் இருக்கும் உயிர்களுக்காகப் பேச நீங்கள் இருக்கிறீர்கள். கிணற்றுக்கு மேலே இருக்கும் உயிர்களுக்காக யார் பேசுவது? எனக்குக் குடும்பம் இருக்கிறது. பச்சைமுத்துவுக்கு இருக்கிறது. உங்கள் சொல்லைக் கேட்டு நடந்ததனால்தான் இந்த வினை. கேட்காமல் ஏமாற்றியிருந்தால் கிணற்றில் மீனும் இருந்திருக்காது, நானும் இப்போது பம்பு ஓட்டிக்கொண்டிருப்பேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் லூர்துநாதன் என்பவரின் இடம் காலியாக இருக்கிறது. அங்கே கிணறு இல்லை. தண்ணீரை விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆனால் இடத்துக்காரர் கேள்வி கேட்கமாட்டார். இந்த மாதக் கடைசிக்குள் காகிதம் வராவிட்டால் அங்கே போய்விடுவேன்.

ஆரோக்கியநாதன்


ஸ்ரீ ஜினாய நம

சென்னை,
14-5-1948

தம்பிக்கு,

உன் கடிதம் என்னை வருத்திவிட்டது. நீ எழுதியதில் பொய் இல்லை என்பதால்தான் வருத்தம்.

கடிதம் வந்த மறுநாள் காலையில் ஒன்று நடந்தது. வழக்கம்போலக் குழாயில் தண்ணீர் பிடித்து, வடிகட்டி, துணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கத்துப் பழைய கிணற்றுக்குப் போனேன். கைப்பிடிச் சுவரண்டை போனதும் கால் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் இந்தக் கிணற்றுத் தண்ணீரா? மூன்று வருஷமாக இதே கிணற்றில்தான் அலசுகிறேன். உனக்கு எழுதிய புத்தி எனக்கு ஏன் வரவில்லை?

மாப்பிள்ளையைக் கேட்டேன். குழாய்த் தண்ணீர் செங்குன்றம் ஏரியிலிருந்து வருகிறதாம். எனக்கு அந்த ஏரியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. துணியை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசி, சொம்பின் வாயைக் கட்டிக்கொண்டு, சந்தனாவைத் துணைக்கு அழைத்து பஸ் ஏறினேன். அவள் வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கரையில் இருந்த காவல்காரன், “இன்னாம்மா சொம்புல?” என்றான். “ஒங்க தண்ணிதான்பா, திருப்பிக் குடுக்க வந்தேன்” என்றேன். அவன் என்னையும் சொம்பையும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். எத்தனை பெரிய ஏரி தெரியுமா. அதில் ஒரு சொம்பை ஊற்றிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தபின் மாப்பிள்ளை இன்னொன்று சொல்கிறார். ஏரித் தண்ணீரைக் கீழ்ப்பாக்கத்தில் மணலில் வடித்து, மருந்து போட்டு, பம்பு வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். வீட்டுக்கு வரும்போது அதில் உயிரே இருக்காது என்கிறார். அப்படியானால் மூன்று வருஷமாக நான் காப்பாற்றியது எதை? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. பம்பு ஓட்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே உன் பம்புக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். இன்று காலையும் வடிகட்டினேன். விட மனம் வரவில்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விளக்கு, கடைசல், பம்பு மூன்றுக்கும் சேர்த்துத்தான். மீன்களை என்ன செய்வதென்று நீயே முடிவு செய். இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை.

என்றும் அன்புடன்,
ஜெயமாலா


சேசு மரி சூசை துணை

செஞ்சி,
9-6-1948

அன்பும் மரியாதையும் நிறைந்த அம்மா அவர்களுக்கு ஆரோக்கியநாதன் எழுதுவது. கரண்ட் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைப் பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். பூச்சிகள் நீங்கள் சொன்னபடியே கிறுகிறுத்து விழுந்து எழுந்துதான் போகின்றன. பல்லி இன்னும் வரவில்லை. முன்னே கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்கள் காகிதம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பம்பும் வந்து இறங்கியது. பைப்பை இறக்கப் படியில் இறங்கினேன். நல்ல கோடை, தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இல்லை. மீன்கள் என் காலைச் சுற்றிச்சுற்றி வந்தன. ஒரு பெரிய மீன் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கு இருந்த கோபத்தில் பைப்பை இறக்கியிருப்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பைப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பை மூடினோம். பச்சைமுத்து கயிற்றைப் பிடித்தபடி, “மீன வுட்டாக்கா பம்பு வரும். பம்பு வந்தா நான் இன்னா பண்றது?” என்றான். பாட்டரி மூலை அவனுக்குத்தான் என்று சிலுவை போட்டுச் சொன்னபிறகு இறைத்தான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் நான், அமலோற்பவம், ஆண்டாள் மூவரும் இறங்கிக் கையால் அள்ளினோம்.

முதலில் அள்ளியதைப் பெட்ரோல் பீப்பாயில் விட்டேன். கழுவிய பீப்பாய்தான். ஆனால் எவ்வளவு கழுவினாலும் அதில் வாடை போகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவும் செத்து மிதந்தன. அமலோற்பவம் வீட்டுக்குப் போய், தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். செத்த மீனைக் குழம்பு வைத்திருக்கலாம், பாவமில்லை. அவளே வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அண்டாவைச் செட்டிக்குளத்துக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி கிடைக்கவில்லை. முகூர்த்த நாள், எல்லா வண்டியும் போய்விட்டன. வெயிலில் அண்டாத் தண்ணீர் சுட ஆரம்பித்தது. அடிப்பாகத்து ஸ்பிரிங் வில்பட்டையை மாற்ற வந்திருந்த முதலாளியின் பஸ் வேலை முடிந்து நின்றது. அதில் ஏற்றி நானே ஓட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பிரயாணிகள் இல்லை. சீட்டுக்கு நடுவே அந்த அண்டா, அக்கம்பக்கத்தில் வாங்கிய குடங்கள், ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்தபடி ஒரு ஆள். குளத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கடைத்தெருவில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

“எங்கயா போய்ட்டு வர்ற என் வண்டில?” என்றார்.

“மீன கொளத்துல வுட்டுட்டு வர்றேங்க.”

“மீன இன்னா பண்ண?”

மறுபடி சொன்னேன். நான் மீன் வியாபாரம் செய்துவிட்டு வருவதாக அவர் முதலில் நினைத்தார். விஷயம் புரிந்தபின்தான் அதிகக் கோபம் வந்தது. “பெட்ரோல் கூப்பனுக்கு நான் ஆபீஸ் ஆபீஸா அலயிறேன். நீ மீனுக்கு சவாரி வுடுறியா?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. கேட்காமல் எடுத்தது நான்தான். மூன்று பஸ்ஸையும் திண்டிவனத்துக்கு மாற்றிவிட்டார்.

ஆக, கரண்ட் இருக்கிறது, கடைசல் சுற்றுகிறது, பம்பு இறைக்கிறது. வேலைக்கு வண்டிதான் இல்லை. மல்லாட்டை வியாபாரிகளின் லாரி இரண்டு வருகின்றன. பச்சைமுத்து பாட்டரி மூலையைப் பெருக்கிப் பெருக்கி வைக்கிறான். அமலோற்பவம் என்மேல் கோபமாக இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்ப அந்தக் காலை வந்தாலும் நான் பைப்பை இறக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் முழுசாகத் தெரியவில்லை.

இந்த மாத வாடகை தாமதமாகும்.

உங்கள் இடத்தில் இருக்கும்,
ஆரோக்கியநாதன்


சென்னை,
12-6-1948

தம்பி ஆரோக்கியநாதனுக்கு, அவசரமாகக் கார்டில் எழுதுகிறேன். உன் கடிதத்தைச் சந்தனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டும்போது பாதியில் காகிதத்தைச் சந்தனாவிடம் நீட்டிவிட்டேன். மீதியை அவள்தான் படித்தாள்.

வாடகை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வண்டி வந்தபின் கொடு. பஸ் முதலாளியின் விலாசத்தை அமலோற்பவத்திடம் எழுதிக் கொடுத்து வை. செஞ்சிக்கு வந்ததும் நான் நேரே அவரைப் போய்ப் பார்க்கிறேன். அன்றைக்கு எரிந்த பெட்ரோல் என் கிணற்றுச் செலவு. அதைக் கொடுக்க வேண்டியவள் நான், கோபப்பட வேண்டுமானாலும் அவர் என்மேல்தான் கோபப்பட வேண்டும். அவர் சம்மதிப்பாரோ மாட்டாரோ, கேட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை வருகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவை. கத்தரிக்காய் போதும்.

எல்லாம் எழுதினாய், ஒன்றை விட்டுவிட்டாய். குளத்தில் விட்டதும் மீன்கள் உடனே போய்விட்டனவா, கொஞ்ச நேரம் உன் கால்பக்கம் நின்றனவா?

ஜெயமாலா